தண்ணி போற ஓட்டை

வீட்டுக்கு வருகிறவர்களைப் பேஸ்மன்டுக்கு இறக்கிக்கொண்டு போய், அவர்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு செம்பு தண்ணியைத் தரையில் கவிழ்த்துக் காட்டுவது ஒரு காலத்தில் என் வழக்கம். தண்ணி ஓடிப் பரவும். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடிப்பார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஐந்து நிமிடம் நாட்டு நடப்புக் கதைத்துவிட்டு, துணியால் ஒற்றி எடுத்து, “பாத்தீங்களே, ஒண்டும் செய்யாது” என்று சொல்லி, மேலே தேத்தண்ணிக்குக் கூட்டிப் போவேன். ஏழெட்டுக் குடும்பங்களாவது இந்தக் காட்சியைப் பார்த்திருக்கும். ஒருமுறை, வந்தவர்களின் எட்டு வயதுப் பெடியன் மட்டும் படியேறாமல் நின்று, “அங்கிள், தண்ணி கீழால வந்தா?” என்று கேட்டான். நான் சிரித்துவிட்டு அவனுக்கு ஒரு சொக்லேற் கொடுத்தேன்.

அந்தப் பெடியனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. கோயிலில் அவனைக் கண்டால் நான் அர்ச்சனைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

எங்கள் வீடு ரொறன்ரோவின் மேற்கில், எற்றோபிக்கோவில் இருக்கிறது. 1957இல் கட்டிய சின்னப் பங்களா. தமிழ்ச் சனம் கிழக்கே ஸ்காபரோவில் வீடு தேடிக்கொண்டிருந்த காலத்தில், வேலைக்குக் கிட்ட என்று நான் இங்கே வந்தேன். மனைவியின் தம்பி அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மழை பெய்தால் முதல் தொலைபேசி அவனுடையதுதான். “அத்தான், நான் அப்பவே சொன்னனான்” என்றுதான் தொடங்குவான். அவன் அப்போது சொன்னது தமிழ்க் கடைகள் தூரம் என்பதைப் பற்றி. தண்ணியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. இருந்தாலும் அப்பவே சொன்னவன் அப்பவே சொன்னவன்தான்.

தண்ணி விஷயத்தில் இந்தப் பகுதிக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளியில் ஹம்பர் ஆறு பெருகியபோது, எற்றோபிக்கோக் கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர் இறந்துபோனார்கள். அந்த இடம் இன்று பூங்கா. என் வீடு அதற்கு மூன்று வருடம் கழித்து, ஆற்றிலிருந்து நல்ல மேட்டில் எழும்பியது. 2008இல் வாங்கும்போது ஆறு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்தவன் நான். ஆற்றை விட வேறு வழியாலும் தண்ணி வீட்டுக்குள் வரும் என்று அந்த வரைபடத்தில் போட்டிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் வீடு என்றால் நிலத்தை விட்டு எழும்ப வேண்டும். மூன்று படி ஏறித்தான் விறாந்தை. மாரியில் முற்றத்தில் கணுக்கால் வெள்ளம் நின்றாலும் உள்ளே சிவப்புச் சீமெந்து நிலம் காய்ந்து கிடக்கும். கனடாவில் எல்லாம் தலைகீழ். குளிருக்கு மண் உறைகிற நாடு. உறையும் ஆழத்துக்குக் கீழே அத்திவாரம் போகவேண்டும், ரொறன்ரோவில் அது நாலடி அளவு. நாலடி தோண்டினவன் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு முழு மாடி வெறுமனே கிடைக்கிறது. எங்கள் சனத்துக்கோ அது வெறும் மாடியும் அல்ல. விமானத்தால் இறங்கி முதலில் படுத்தது யாரோ ஒருவருடைய பேஸ்மன்டில். வீடு வாங்கினதும் கடன் கட்டுவதற்காக வாடகைக்கு விட்டது சொந்தப் பேஸ்மன்டை. மீன் பொரிக்க இரண்டாவது குசினி, மூட்டை அரிசி, வருடத்துக்கு ஒரு தடவை வெளியே வரும் பெரிய பானைகள், பிறந்தநாள், கரோக்கே எல்லாம் அங்கேதான். எனக்கும் ஒரு ஆசை இருந்தது. வருகிறவர்கள் இறங்கிப் பார்த்து, “அட, பேஸ்மன்ட் மாதிரியே இல்லை” என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வசனத்துக்காக நான் செலவழித்த காசில் ஊரில் ஒரு வீட்டுக்கு ஓடு மாற்றியிருக்கலாம்.

வாங்கின அன்றே அறிகுறி இருந்தது. வீட்டைப் பரிசோதிக்க வந்தவர் சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்த மாவை விரலால் தொட்டுக் காட்டினார். ஈரம் சுவருக்குள்ளால் வந்து, காயும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது என்றார். உவர் பூப்பதை ஊரில் கிணற்றுக் கட்டில் பார்த்து வளர்ந்தவன் நான். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கிழமை அதன்மேல் பெயின்ற் அடித்தேன். கீழே ஒரு மணமும் இருந்தது, நனைந்த சாக்கு மணம். அதற்குச் சாம்பிராணி போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போட்டது பிறகு தினமும் ஆனது. பக்தி கூடிவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டா.

அப்புறம் கார்ப்பெட் போட்டேன். பாலாடை நிறம். ஒவ்வொரு மழைக்கும் ஈரம் கசிகிற சீமெந்தின்மேல், சுவரோடு சுவராக, கால் புதைகிற தடிப்பில். கடைக்காரர் கேட்டார், கீழே ஈரம் ஏதும் உண்டா என்று. “சீச்சீ” என்றேன். மகளின் சாமத்தியவீட்டு ஆல்பத்தில் அந்தக் கார்ப்பெட் நன்றாக விழுந்திருக்கிறது. அதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல நல்லது எதுவும் இல்லை.

2013 ஜூலை 8, திங்கட்கிழமை பின்னேரம். பியர்சன் விமான நிலையத்தில் அன்றைக்கு 126 மில்லிமீற்றர் மழை. ஹேசல் சூறாவளி நாளில் அங்கே பெய்தது 121.4. பெரும்பகுதி இரண்டு மணித்தியாலத்துக்குள் கொட்டிவிட்டது. டொன் ஆற்றங்கரையில் 1,400 பேரோடு ஒரு “கோ” பயணிகள் ரயில் தண்ணிக்குள் நின்றுபோக, பொலிஸ் படகில் போய் ஆட்களை இறக்கியது. எற்றோபிக்கோவில் மின்மாற்று நிலையங்களுக்குள் வெள்ளம் புகுந்து நகரின் பெரும் பகுதி இருட்டு. நான் மெழுகுதிரியோடு படியிறங்கினேன். கடைசிப் படியைக் காணவில்லை.

மழைத்தண்ணி என்றுதான் முதலில் நினைத்தேன். மணம் அது இல்லை என்று சொல்லியது. சலவை மெஷினுக்குப் பக்கத்து மூலையில், நிலத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புச் சல்லடை இருந்தது. தண்ணி வடிந்து போவதற்கு வைத்த ஓட்டை. அதற்குள்ளால் ஊற்று மாதிரித் தண்ணி மேலே வந்துகொண்டிருந்தது. தெருச் சாக்கடை நிரம்பி, போக இடமில்லாமல், எங்கள் வீட்டுக் குழாயால் திரும்பி வந்திருக்கிறது. வீதியிலுள்ள பத்து வீட்டுக் கக்கூஸ் தண்ணியும் என் பாலாடை நிறக் கார்ப்பெட்டில் கால் நனைத்தது.

காப்புறுதிக் கம்பனிக்கு அடித்தேன். சாக்கடை திரும்பி வருவதற்குத் தனியாக ஒரு சேர்க்கை எடுக்கவேண்டுமாம், கேட்டு வாங்கினால்தான் உண்டாம். கேட்டிருந்தார்கள். மாதம் ஒரு பீற்சா விலை கூடுகிறது என்று நான்தான் வேண்டாம் என்றேன். தொலைபேசியில் பேசிய பெண் என் கையெழுத்தையே திரையில் பார்த்து வாசித்துச் சொன்னாள்.

சாக்கடைத் தண்ணி பட்ட கார்ப்பெட்டைக் கழுவிக் காயப்போட முடியாது, எறியத்தான் வேண்டும். வெட்டிச் சுருட்டி, நானும் மச்சானும் தூக்கினோம். நனைந்த கார்ப்பெட்டின் பாரம் தெரியவேண்டுமென்றால் ஒரு எருமையைப் படியால் ஏற்றிப் பார்க்கலாம். மச்சான் ஒவ்வொரு படியிலும் “நான் அப்பவே” என்று தொடங்கி மூச்சு வாங்கி நிறுத்தினான். சுவர்ப் பலகைகளையும் நிலத்திலிருந்து இரண்டடி உயரத்துக்கு வெட்டி எடுத்தோம். அது தண்ணியைத் திரிபோல உறிஞ்சி மேலே ஏற்றும் சாமான்.

கார்ப்பெட்டுக்குக் கீழே ஒரு அதிசயம் இருந்தது. கரும்பச்சையில் வெள்ளைக் கீறல் ஓடிய ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள். வீட்டோடு பிறந்தவை. சாக்கடையில் குளித்தும் ஒன்றுகூட அசையவில்லை. அம்மா படியில் நின்று பார்த்தா. “நல்ல நிலம்தானே மோனை. கழுவிப்போட்டு விடன்” என்றா. கேட்டேனா? ஓடு ஒன்றைத் திருப்புளியால் கிளப்பி, முகநூலில் போட என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து ஒன்பது அங்குல ஓடுகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும், உடையாமல் கிடந்தால் பிரச்சினை இல்லை, கிளப்பக் கூடாது என்று மகள் வாசித்துச் சொன்னது படத்துக்குப் பன்னிரண்டு பேர் விருப்பம் போட்ட பிறகு. ஆய்வுகூடத்துக்கு ஒரு துண்டு அனுப்பினோம். இருக்கிறது என்று பதில் வந்தது. கிளப்பின ஓட்டினை இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்துவிட்டு நான் இரண்டு நாள் இருமிப் பார்த்தேன்.

இப்போது சொல்லப்போவதை மனைவி எழுதவேண்டாம் என்றா. தண்ணி எதனால் வந்தது? அந்த ஓட்டையால். அப்படியென்றால் என்ன செய்யவேண்டும்? ஓட்டையை மூடவேண்டும். இது என் தீர்மானம். ஒரு பலகைத் துண்டை அளவாக வெட்டி, சல்லடைக்கு மேல் வைத்து, நாலு பக்கமும் பசை பூசி மூடினேன். அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

முறையான வழி ஒன்று இருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. வீட்டிலிருந்து வெளியே போகும் பெரிய குழாயில் ஒரு வால்வு பூட்டுவார்கள். தண்ணி வெளியே போக விடும், திரும்பி வந்தால் தானே கதவைச் சாத்திக்கொள்ளும். மாநகரசபை உதவிப்பணமும் தந்தது. செலவில் 80 வீதம், வால்வுக்கு 1,250 டொலர் வரை, தண்ணியை இறைத்து வெளியேற்றும் சம்ப் பம்புக்கு 1,750 வரை, எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 3,400 வரை. 2014இல் ஒரு போர்த்துக்கீசப் பிளம்பரைக் கூப்பிட்டேன். வயதானவர், முழங்காலில் இருந்து நிலத்தைத் தட்டிப் பார்த்து, முன்சுவருக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் கீறிக் காட்டினார். இங்கே சீமெந்தை உடைக்கவேண்டும் என்றார். பிரச்சினை என்னவென்றால், அதற்கு முந்தின கிழமைதான் நான் புதுத் தரை போட்டு முடித்திருந்தேன். புதுத் தரையை உடைக்க யாருக்கு மனம் வரும்? அடுத்த வருடம் பார்ப்போம் என்று கோப்பி கொடுத்து அனுப்பினேன். தண்ணியிலிருந்து வீட்டைக் காப்பாற்ற வந்த மனிதரிடமிருந்து என் தரையைக் காப்பாற்றினேன். பத்து வருடம் காப்பாற்றினேன்.

அந்தப் புதுத் தரை லமினேற். பெட்டியில் ஒரு நீலத் தண்ணித் துளியின் படம் போட்டு, பக்கத்தில் தண்ணியைத் தாங்கும் என்று எழுதியிருந்தது. எனக்குத் துளி போதும், மிச்சத்தை வாசிக்கவில்லை. பின்பக்கத்தில் மணல் அளவு எழுத்தில் இருந்ததைப் பிறகு வாசித்தேன். மேலே சிந்தின தண்ணியை இத்தனை மணித்தியாலத்துக்குள் துடைத்துவிட்டால் தாங்குமாம். கீழிருந்து வரும் ஈரத்துக்கும் வெள்ளத்துக்கும் பொறுப்பில்லையாம். மேலே இருப்பது மரத்தின் படம், உள்ளே இருப்பது அமுக்கின மரத்தூள். தண்ணியைத் தாங்குகிறதும் தண்ணி புகாததும் இரண்டு வேறு சாதி என்பதை இங்கிலிஷில் ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு சொல்லுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

லமினேற் போடுவதற்கு நிலம் மட்டமாக இருக்கவேண்டும். நீர்மட்டம் வைத்துப் பார்த்தால் எங்கள் நிலம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. “1957இல வேலை செய்தவங்கள் குடிச்சுப்போட்டுக் கட்டியிருக்கிறாங்கள்” என்று எல்லாருக்கும் சொன்னேன். பச்சை ஓட்டுக்கு மேலே, தானே ஓடி மட்டமாகும் சீமெந்துக் குழம்பை ஊற்றி, காசு கொடுத்து அந்தச் சரிவைத் திருத்தினேன். எந்தப் பக்கமாகச் சரிந்திருந்தது என்று கேட்பவர்களுக்கு: சலவை மெஷினுக்குப் பக்கத்து மூலை, அந்தச் சல்லடை இருந்த பக்கம்.

விரிவதற்குச் சுவரோரம் அரையங்குலம் இடைவெளி விடச் சொன்னார்கள். அசிங்கமாக இருக்கும் என்று சுவரோடு ஒட்டிப் போட்டேன்.

இந்தத் தரையை அழிக்கப் புயல் எதுவும் வரவில்லை. 2016இல் மனைவி தைப்பொங்கலுக்கு யன்னல் சீலைகளைச் சலவைத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு, குழாயைப் பூட்டாமல், மேலே தொலைபேசியில் தங்கச்சியோடு கதைத்தா. தங்கச்சி இருப்பது பாரிசில். நீண்ட கதை. தொட்டி நிரம்பி வழிந்தது. முன்பென்றால் அந்தத் தண்ணி சரிந்த நிலத்தில் ஓடி, சல்லடைக்குள் இறங்கி, தன்பாட்டில் போயிருக்கும். சரிவும் இல்லை, ஓட்டையும் இல்லை. தண்ணி அறை முழுக்க நின்று யோசித்தது. மூன்றாம் நாள் லமினேற் வெயிலில் போட்ட பப்படம் போல ஓரம் மடிந்தது. சுவரோரம் இடம் இல்லாததால் நடுவில் கூடாரம் மாதிரி எழும்பி நின்றது. மகள் அதன்மேல் ஏறிக் குதித்து, மற்றப் பக்கம் எழும்புவதைக் காட்டினாள். மனைவியைக் குறை சொல்ல வாயெடுத்தேன். அவ அந்த மூலையைக் கையால் காட்டினா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்தது வினைல். இந்த முறை நான் படித்துவிட்டுத்தான் போனேன் என்பதை நீங்கள் பதிவு செய்யவேண்டும். சுண்ணாம்புக்கல் தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து அமுக்கின பலகை, மரம் மருந்துக்கும் இல்லை. ஊதாது, வளையாது, உக்காது. கடையில் ஒரு பலகையை மீன்தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி இரண்டு பொன்மீன் நீந்தியது. விற்ற தமிழ்ப் பெடியன் சொன்னான், “அங்கிள், ஆறு மாசமா உள்ள கிடக்குது. மீன்தான் ரெண்டு தரம் மாத்தினனாங்கள்.” அந்த இடத்திலேயே காசைக் கட்டினேன். ஒன்றோடு ஒன்று கொளுவிவிட்டால் போதும், நிலத்தில் ஒட்டத் தேவையில்லை, இதற்கு மிதக்கும் தரை என்று பெயர் என்றான். பெயர் பிடித்திருந்தது.

சீமெந்தை உடைக்கிற வேலையை முடித்துவிட்டு வினைலைப் போட்டிருக்கலாம். ஓட்டையைத் திறந்திருக்கலாம். ஆனால் தண்ணியே புகாத தரைக்குத் தண்ணி போற ஓட்டை எதற்கு? மெத்தென்றிருக்க நாரினால் செய்த ஒரு விரிப்பையும் கீழே போட்டு, மேலே வினைலைக் கொளுவினேன். பிறகுதான் செம்பு தண்ணிக் காட்சிகள். “பேஸ்மன்ட் மாதிரியே இல்லை” என்று மூன்று பேர் சொன்னார்கள். தேதி வாரியாகச் சொல்வேன்.

2024 ஜூலை 16, செவ்வாய். பியர்சனில் 97.8 மில்லிமீற்றர். டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலை ஆறாகி, கார்கள் கூரைமட்டும் தெரிய நின்றன. நான் வேலையில். மனைவி அடித்தா. “இஞ்சருங்கோ, கீழ நிலம் நடக்குது” என்றா. “என்னது நடக்குது?” “நிலம். நான் ஒரு பக்கம் கால் வைக்க மற்றப் பக்கம் எழும்புது.” வந்து பார்த்தேன். மேலே ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. தரை பளபளவென்று, கடையில் பார்த்த மாதிரியே கிடந்தது. காலை வைத்தேன். பொருத்துகளால் கறுப்புத் தண்ணி கணுக்காலுக்குப் பீச்சியது. நான் ஒட்டின பலகையைச் சாக்கடை பதினொரு வருடம் கழித்துப் பெயர்த்துவிட்டு, தரைக்கும் நிலத்துக்கும் நடுவில் குடியேறியிருந்தது. மிதக்கும் தரை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த எட்டு வயதுப் பெடியனின் மீசை அரும்பாத முகமும் ஞாபகம் வந்தது.

அன்றிரவு மகள், பாடகர் டிரேக்கின் மாளிகைக்குள் சேற்றுத் தண்ணி பாய்கிற வீடியோவைக் காட்டினாள். அவரே போட்டதாம். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

புத்தியுள்ளவன் மறுநாளே எல்லாவற்றையும் கிளப்பியிருப்பான். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்க ஒன்றிரண்டு நாள் போதும். எனக்கோ அந்த வினைலைப் பற்றிப் பெருமை இன்னும் தீரவில்லை. “பார், ஒரு பலகை ஊதியிருக்குதா?” என்று மச்சானிடம் தொலைபேசியில் வாதாடினேன். காற்றாடியைப் போட்டு மேலே காய வைத்தேன். மேலே ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. பத்தாம் நாள் மணம் வந்தது. சாம்பிராணியை எடுத்தேன். மனைவி தட்டத்தை என் கையிலிருந்து வாங்கி, அணைத்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. அந்தப் பூட்டுச் சத்தத்துக்குப் பிறகுதான் நான் முதல் பலகையைக் கிளப்பினேன். நார் விரிப்பு முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், ஆட்டுத் தோல் மாதிரி மயிர் முளைத்திருந்தது.

பலகைகளுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. கிருமிநாசினியில் கழுவித் திரும்பப் போடலாம். எது எந்த இடம் என்று தெரிய ஒவ்வொன்றின் முதுகிலும் இலக்கம் எழுதினேன், 1 முதல் 214 வரை, மகளின் வெள்ளைப்பலகைப் பேனையால். கழுவினேன். இலக்கமும் போய்விட்டது. 214 பலகையும் கராஜில் அடுக்கிக் கிடக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் தரலாம், தண்ணி புகாது.

அந்த வருட முடிவில் போர்த்துக்கீசப் பிளம்பர் திரும்ப வந்தார். என்னை ஞாபகம் இருந்தது. இப்போது எத்தனையாவது தரை என்று மட்டும் கேட்டார். உதவிப்பண விண்ணப்பத்தில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். கூரைத் தண்ணிக் குழாய் சாக்கடையோடு இணைந்திருக்கக் கூடாது. 2016 இறுதிக்குள் நகரம் முழுவதும் பிரிக்கவேண்டும் என்று சட்டம். என்னுடையது ரோசாச் செடிக்குப் பின்னால் நிலத்துக்குள் போய்க்கொண்டேயிருந்தது. என் கூரையின் மழையையும் நானே சாக்கடைக்கு ஊட்டி, அதைத் திரும்ப என் ஓட்டையால் வாங்கியிருக்கிறேன். வாள் எடுத்து அறுத்தேன். தண்ணி நேரே அத்திவாரத்தின் காலடியில் விழுந்தது. ஒரு துண்டுக் குழாய் சேர்த்து நீட்டினேன். அது பக்கத்து வீட்டுக்காரரின் கார்ப் பாதைக்குப் போய் பனிக்காலத்தில் கண்ணாடியாக உறைந்தது. அந்தக் கதையை அவர் எழுதட்டும்.

பச்சை ஓடுகளையும் சீமெந்துக் குழம்பையும் எடுக்க உரிமம் உள்ள ஆட்கள் வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டு, சந்திரனில் இறங்குகிற மாதிரி வந்து இறங்கினார்கள். போனபின் வெறும் சீமெந்து. 1957க்குப் பிறகு முதல் தடவையாக அது வெளிச்சம் கண்டது. எல்லாவற்றுக்கும் முதலில் செய்யவேண்டிய சோதனையை நான் கடைசியாகச் செய்தேன். ஒன்றரையடிச் சதுரப் பொலித்தீன் தாளை நிலத்தில் விரித்து நாலு பக்கமும் ஒட்டி, பதினாறு மணித்தியாலம் விடவேண்டும். அடுத்த நாள் தாளின் உள்பக்கம் புட்டுப்பானை மூடி மாதிரி வியர்த்திருந்தது. செலவு: ஒரு குப்பைப் பை, கொஞ்சம் ரேப். 2008இல் இதைச் செய்திருந்தால் கார்ப்பெட் கடைக்காரரிடம் “சீச்சீ” சொல்லியிருக்கமாட்டேன். எப்பொக்சி பூச ஆசைப்பட்டு வைத்திருந்தேன், கண்ணாடி மாதிரி மினுங்கும். கீழிருந்து ஈரம் தள்ளினால் அது உரிந்துவிடும் என்று பிளம்பரே சொன்னார். அவர் சொன்னதை முதல் தடவையாகக் கேட்டேன்.

இப்போது போர்சலின் ரைல்ஸ், சீமெந்துக் கலவையில் பதித்தது. நனைந்தால் கழுவலாம், சாக்கடை வந்தாலும் கழுவலாம். குளிரும். இரண்டு காலுறை போட்டுக்கொள்கிறோம். மினுங்குகிறதைத்தான் எடுத்தேன். ஈரத்தில் வழுக்கும் என்று மனைவி கடைக்கே போய் மாற்றி எடுத்து வந்தா. ரைல்ஸ் பதிக்க வந்தவர் நீர்மட்டத்தை வைத்துப் பார்த்து, நிலம் ஓட்டைப் பக்கம் போதிய அளவு சரியவில்லை, சரிவு கட்டவேண்டும், அதற்குத் தனிக் காசு என்றார். சரிவை எடுத்ததற்கும் காசு கொடுத்தேன், திரும்பப் போட்டதற்கும் காசு கொடுத்தேன். ஓட்டைக்குப் பித்தளைச் சல்லடை வாங்கிப் போட்டிருக்கிறேன். அறையிலேயே விலை கூடின சாமான் அதுதான். வருகிறவர்களுக்குக் காட்டுவேன். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

அம்மா இறங்கி வந்து காலால் ரைல்ஸைத் தடவிப் பார்த்தா. “ஊரில இருந்த மாதிரித்தான்” என்றா. பிறகு தும்புத்தடி எங்கே என்று கேட்டா.

வால்வைப் பூட்டி முடித்ததும் ஒன்று மட்டும் பிளம்பர் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். பெருமழையில் வால்வு சாத்திக்கொண்டால் தெருத் தண்ணி உள்ளே வராது, ஆனால் வீட்டுத் தண்ணியும் வெளியே போகாது. அந்த நேரம் குளிக்கக் கூடாது, சலவை போடக் கூடாது, கக்கூசில் தண்ணி இழுக்கவும் யோசிக்கவேண்டும். இல்லையென்றால் எங்கள் தண்ணியே எங்களுக்கு வெள்ளம். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, மேலேயுள்ள இரண்டு குளியலறைக் கதவிலும் ஒட்டினேன். மச்சான் வந்து வாசித்துவிட்டு, “அத்தான், ஸ்காபரோவில நாங்கள் எந்த நேரமும் குளிக்கலாம்” என்றான்.

போன கிழமை இரவு நல்ல மழை. பதினொரு மணிக்கு ரோச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, கடைசிப் படியில் இருந்தேன். படி தெரிந்தது. பித்தளைச் சல்லடைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். கீழே தண்ணி அசையாமல், என் ரோச்சைத் திருப்பிக் காட்டிக்கொண்டு இருந்தது. அரை மணித்தியாலம் ஆகியும் ஏறவில்லை. வால்வு சாத்திக்கொண்டுவிட்டது, வேலை செய்கிறது. வேலை செய்கிற ஒன்றை இந்த வீட்டில் நான் போட்டிருக்கிறேன் என்று, ஆட்களை எழுப்பிச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

அப்போது மேலே யாரோ குளியலறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஷவர் திறக்கிற சத்தம்.